மூக்கு சார் அளந்த காற்று

“நாப்பத்தொண்ணா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நாலு புள்ளி ஒண்ணா இருக்கும்.”

“புள்ளியெல்லாம் இல்ல சார். நாலு, ஒண்ணு. நாப்பத்தொண்ணு. பதினோரு குழாய்லயும் அப்படித்தான் இருக்கு,” என்றார் போனின் மறுமுனையில் இருந்த லேப்காரர்.

மூக்கு சார் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம் இருக்கிற மனிதருக்கு இப்படி ஒரு செய்தி வரக் கூடாது.

அவருக்கு மூக்கு சார் என்று பெயர் வைத்தவர்கள் பாலிஷ் கூடத்துக்காரர்கள். மேஜை, நாற்காலி செய்கிற தொழிற்சாலை அது. மரத்தை அறுத்து, இழைத்து, பூட்டி, கடைசியில் வார்னிஷ் அடிக்கக் கொண்டுவருகிற இடம் பாலிஷ் கூடம். வார்னிஷ் என்றால் தின்னர். தின்னர் என்றால் ஆவி. ஆவி என்றால் தலைவலி, கண்ணெரிச்சல், வருடக்கணக்கில் போனால் இன்னும் பெரிய வம்பு. அங்கே வேலை செய்கிறவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆவியைச் சுவாசிக்கிறார்கள் என்று அளந்து, கூடினால் குறைக்க வழி சொல்வதுதான் சாரின் உத்தியோகம்.

அளப்பதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முதுகு வழியாக ஏறி, சட்டைக் காலரில் ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாயில் போய் முடியும். கண்ணாடிக்குள் கரித்தூள். பெட்டி எட்டு மணி நேரம் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆவி கரியில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் குழாயைக் கழற்றி லேபுக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் நம்பர் வரும். சட்டம் நூறு என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் கூடத்தை மூட வேண்டியதுதான்.

இருபத்திரண்டு வருடமாகப் பாலிஷ் கூடத்தின் நம்பர் ஐந்து. சில வருடம் நான்கு. மழை பிடித்துக்கொண்ட ஒரு வருடம் மட்டும் ஆறு. சாரின் அறைச் சுவரில் ஒரு பெரிய தாளில் வருடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தார். தூங்குகிறவன் மார்பு மாதிரி லேசாக ஏறி லேசாக இறங்கும் கோடு. கல்யாண போட்டோ மாட்டியிருக்கிற இடத்தைவிட நல்ல இடத்தில் அது மாட்டியிருந்தது.

அதிலும் ஒரு விசேஷம். முகத்தில் புகையடிக்க ஸ்ப்ரே அடிக்கிறவருக்கும் ஐந்து, கடைக்கோடி மூலையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்கிற அம்மாவுக்கும் ஐந்து. உலகத்தில் எந்தக் கூடத்திலும் இப்படிக் கிடையாது. இதைப் பற்றி சார் ஒரு கட்டுரையே எழுதி, ஒரு மாநாட்டில் படித்து, கைதட்டல் வாங்கியிருக்கிறார். ‘காற்று அனைவருக்கும் சமமாகப் பரவும் அபூர்வக் கூடம்’ என்பது அதில் ஒரு வரி. அந்த வரியை எழுத அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அளவு நாள் என்றால் அந்தக் காலத்தில் கூடத்துக்கே ஒரு களை வந்துவிடும். முதல் முறை அவர் பெட்டிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவருக்குத் தலை நிறைய முடி. மேஸ்திரிக்கு மீசை அப்போதுதான் ஒழுங்காக வளர ஆரம்பித்திருந்தது. கூடத்து வாசலில் பதினோரு பேரையும் நிற்கவைத்து, “இது உங்களோட ரெண்டாவது மூக்கு,” என்று ஆரம்பித்தார். ஆவி, கரித்தூள், நுரையீரல், கல்லீரல் என்று ஒன்றே முக்கால் மணி நேரம் போயிற்று. பாதிப் பேர் நின்றுகொண்டே தூங்கினார்கள். கடைசியில், “பெட்டி பத்திரம்! கண்ணு மாதிரிப் பாத்துக்கணும்!” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டபோதுதான் எல்லோருக்கும் விழிப்பு வந்தது. அந்த ஒரு வாக்கியம் எல்லோருக்கும் புரிந்தது.

அதற்கப்புறம் வருடா வருடம் அளவு நாளன்று துவைத்த சீருடை போட்டுக்கொண்டு வருவார்கள். வரிசையில் நிற்பார்கள். சார் ஒவ்வொருவர் காலரிலும் குழாயைக் குத்திவிடுவார். “சார், எனக்கு நல்ல மூக்காப் பாத்து வைங்க,” என்பார் ஒருவர். “இருக்கிற மூக்கே போதும், அதையே துடைக்க மாட்டேங்கறான்,” என்பார் மேஸ்திரி. சாயங்காலம் நாலரை மணிக்குப் பெட்டிகளைத் துடைத்து, துணியில் சுற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பெட்டியில் ஒரு சொட்டு வார்னிஷ் பட்டதில்லை. மற்ற தொழிற்சாலைகளில் அந்தப் பெட்டிகள் படுகிற பாட்டைப் பார்த்தவர் என்பதால் சாருக்குச் சில சமயம் கண்ணே கலங்கும்.

அளவு நாளில் சார் கூடத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். அது அவர் பயிற்சியில் படித்தது. அளக்கிறவன் பக்கத்தில் நின்றால் ஆட்கள் வழக்கம்போல வேலை செய்ய மாட்டார்கள், நம்பர் கெட்டுவிடும். காலை எட்டு மணிக்குக் குழாயைக் குத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், நாலரைக்குத்தான் திறப்பார். டீகூட ஜன்னல் வழியாகத்தான் வரும்.

அப்பேர்ப்பட்ட கூடத்தில்தான் நாற்பத்தொன்று.

இந்த முறை மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கூடத்தில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வந்திருந்தது. அதுவும் சாருக்காகவே வந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் ஃபேன் கேட்பதும், “அஞ்சுதானே சார் இருக்கு, ஃபேன் எதுக்கு?” என்று நிர்வாகம் சிரிப்பதும் வழக்கம். ஓய்வு பெறப்போகிறார், என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, “மோதிரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். என் பசங்களுக்கு ஒரு ஃபேன் மாட்டுங்க, போதும்,” என்றார். மாட்டினார்கள். அவர் பசங்களில் மூன்று பேர் தாத்தா ஆகியிருந்தார்கள்.

மேனேஜர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஃபேன் மாட்டினா குறையணும். இது எட்டு மடங்கு ஏறியிருக்கு. பேசாம ஃபேனைக் கழட்டிடலாமா சார்?”

“கழட்டறதா! இருபத்திரண்டு வருஷமா மூலை முடுக்குல தூங்கிக்கிட்டிருந்த ஆவியை எல்லாம் அந்த ஒத்தை ஃபேன் தட்டி எழுப்பி விட்டிருக்கு சார். எழுப்பினதை வெளிய அனுப்ப இன்னொண்ணு வேணும்.”

“அப்படியா?”

“முப்பது வருஷ அனுபவம் சார்.”

அனுபவம் என்று சொன்னால் மேனேஜர் மறுபேச்சுப் பேச மாட்டார். அவருக்கு அது இல்லை. ஆனால் ஒன்று சொல்லிவைத்தார்.

“நூறைத் தாண்டினா என் கையில எதுவும் இல்ல. கூடத்தை மூடிட்டு வார்னிஷ் வேலையை வெளியில குடுத்துடுவாங்க. பதினோரு பேரையும் ஆளுக்கொரு கிளைக்குப் பிரிச்சு அனுப்பிடுவாங்க.”

சார் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் பதினோரு பேர் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜையில் டப்பாவைத் திறந்து ஒருவர் டப்பாவில் மற்றவர் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். உப்புத்தாள் அம்மாவின் புருஷன் தவறியபோது மற்ற பத்துப் பேரும் முறைபோட்டு அவள் பங்கு நாற்காலிகளையும் தேய்த்து முடித்தவர்கள். அவர்களைப் பிரித்து அனுப்பிவிட்டு, மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் இவர் என்ன செய்வார்?

மறுநாளே ஃபேன்காரர் வந்தார். சுவரில் துளை போட்டார்.

“குழாயை எந்தப் பக்கம் விடணும் சார்?”

“வெளிய விடுப்பா.”

“வெளியன்னா எந்தப் பக்கம்?”

“வெளிய எந்தப் பக்கமா இருந்தா என்னப்பா? வெளிய வெளியதான். உள்ள இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

ஃபேன்காரர் முதல் ஃபேனுக்குப் பக்கத்திலேயே இரண்டாவதையும் மாட்டிவிட்டுப் போனார். மறுபடி அளவு நாள். மறுபடி வரிசை, குழாய், கதவு சாத்தல். ஒரு வாரம் கழித்து லேப்காரர் கூப்பிட்டார்.

“அறுபத்தேழு சார்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும். உங்க கூடத்துல சமத்துவம் மட்டும் குறையவே இல்ல சார்.”

சார் கூடத்துக்கு ஓடினார். போகிற வழியெல்லாம் யார் யார் மயங்கி விழுந்து கிடக்கிறார்களோ என்று பதைப்பு. போய்ப் பார்த்தால் ஸ்ப்ரேக்காரர் பாடிக்கொண்டே ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார்.

“எப்படிப்பா இருக்கு? தலைவலி?”

“தலைவலியா? ஃபேன் மாட்டினதுலேர்ந்து தலைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல சார். அவ்வளவு லேசா இருக்கு.”

“கண்ணெரிச்சல்?”

“போயே போச்சு. முன்னாடியெல்லாம் வீட்டுக்குப் போனா, ஏன் அழுதுட்டு வர்றேன்னு பொண்டாட்டி கேப்பா.”

“வார்னிஷ் வாசனை?”

“சுத்தமா இல்ல சார். மேஸ்திரி டப்பாவைத் திறந்தா இங்க வரைக்கும் சாப்பாட்டு வாசனை வருது.”

கேட்கக் கேட்க சாரின் முகம் வெளுத்தது. அவர் படித்த புத்தகத்தில் முப்பத்தாறாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆவி அதிகமாக அதிகமாக மூக்கு மரத்துப்போகும், வாசனை தெரியாது, மனிதன் ரொம்ப சந்தோஷமாக இருப்பான், அதுதான் மிகவும் மோசமான கட்டம்.

“பாட்டு வேற பாடறான்!” என்று மேஸ்திரியின் காதைக் கடித்தார். “முத்திப்போச்சு மேஸ்திரி.”

“அவன் எப்பவும் பாடறவன்தானே சார்?”

“முன்னாடி இருமிக்கிட்டே பாடுவான். இப்ப இருமலே இல்லாம பாடறான் பாருங்க.”

மேஸ்திரிக்கு அதில் என்ன குற்றம் என்று விளங்கவில்லை. ஆனாலும் சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கவலையோடு தலையாட்டினார்.

சார் கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒன்றுமே தெரியவில்லை. முதல் நாள் இந்த வாசலில் நுழைந்தபோது முகத்தில் அறைந்த அந்த வார்னிஷ் நெடி, இருபத்திரண்டு வருடமாகச் சட்டையில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிவிட்ட அந்த நெடி, எங்கே போயிற்று?

“என் மூக்கும் போயிடுச்சு,” என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தார். மூக்கு சாருக்கே மூக்கு போனால் மிச்சம் என்ன இருக்கிறது? வெறும் சார்தான்.

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

“என்னங்க, யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“என் மூக்கு ரிட்டயர் ஆயிடுச்சு. எனக்கு முன்னாடியே.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு மூன்று பொருள்களை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள்.

“கண்ணை மூடுங்க. இது என்ன?”

“காப்பித்தூள்.”

“இது?”

“துணி சோப்பு. நீலக் கலர்.”

“இது?”

“நேத்து நான் கழட்டிப்போட்ட பனியன். ஏம்மா, அதை ஏன் மூஞ்சிக்கிட்ட கொண்டுவர?”

“மூக்கு நல்லாத்தானே இருக்கு! அங்க வாசனை வரலைன்னா அங்க வாசனை இல்லைன்னுதானே அர்த்தம்?”

“வீட்டு மூக்கு வேற, ஆபீஸ் மூக்கு வேற,” என்றார் சார் கோபமாக. “மூக்கு பொய் சொல்லும். குழாய் பொய் சொல்லாது. நான் என் சர்வீஸ் பூரா மூக்கை நம்பினவன் இல்ல, நம்பரை நம்பினவன்.”

மனைவி அவர் சட்டையை வாங்கி மாட்டப்போனவள் நின்றாள். காலரை முகர்ந்தாள்.

“கல்யாணமான புதுசுல நீங்க தெருமுனையில திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சுடும். எங்க அப்பாகூட, மாப்பிள்ளை வர்றாரா, புது பீரோ வருதான்னு கேப்பாரு. இப்ப ஒரு மாசமா உங்க சட்டையில ஒண்ணுமே இல்லைங்க. எனக்கு ஏதோ மாதிரி இருக்கு,” என்றாள்.

சாருக்கும் ஏதோ மாதிரிதான் இருந்தது. ஆனால் சட்டை வாசனைக்கெல்லாம் அவர் கோட்டில் புள்ளி வைக்க முடியாது.

அடுத்தது தின்னரையே மாற்றினார். ஆவி குறைவான புதுத் தின்னர் ஒன்று வரவழைத்தார். அது ரொம்ப சாது. ஆவியாகவும் போகாது, காயவும் காயாது. மூன்று நாள் கழித்து மேனேஜர் கூடத்தைப் பார்க்க வந்து, வாடிக்கையாளருக்கு அனுப்ப வைத்திருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, “இப்ப எப்படிப் போகுது சார்?” என்று விசாரித்தார். விசாரித்து முடித்து எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

“அசையாதீங்க சார், துணி கிழிஞ்சுடும்!” என்றார் மேஸ்திரி.

“ஏற்கெனவே கிழிஞ்சுடுச்சு மேஸ்திரி.”

நாலு பேர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நாலு பேர் மேனேஜரைப் பிடித்து இழுத்தார்கள். உப்புத்தாள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கத் தேய்க்காத நாற்காலியைத் தேய்த்தாள். மேனேஜர் ஒரு மேஜை விரிப்பைச் சுற்றிக்கொண்டு அறைக்குப் போனார். சாயங்காலத்துக்குள் பழைய தின்னர் திரும்பி வந்தது.

பிறகு முகமூடி போடச் சொன்னார். முகமூடிக்குள்ளிருந்து மேஸ்திரி, “இன்னொரு கோட்டு அடி,” என்று சொன்னது எவர் காதிலும் தெளிவாக விழாமல், ஒரே மேஜைக்கு மூன்று பேர் மூன்று கோட்டு அடித்துவிட்டார்கள். ஸ்ப்ரேக்காரர் பாடுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு மேஜையில் பேச்சு நின்றது. பிரிவதற்கு முன்னாலேயே பதினோரு பேரும் பிரிந்துவிட்ட மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்ததை சார் பார்த்தார்.

“கழட்டிடுங்கப்பா,” என்றார். “நான் பெரிய ஃபேனாவே வாங்கித் தரச் சொல்றேன்.”

இந்த ரகளைக்கு நடுவில் ஒரு நாள் பின்வாசல் சைக்கிள் ஸ்டாண்டு அக்கா அவர் அறை வாசலில் வந்து நின்றாள். சைக்கிளை வாங்கி வைத்துத் தகர டோக்கன் கொடுக்கிற அக்கா. சார் முன்வாசல் வழியாகப் பஸ்ஸில் வந்து போகிறவர் என்பதால் அவளோடு அதிகப் பழக்கமில்லை.

“சார், ஒரு விஷயம் சொல்லணும்...”

“சைக்கிள் சமாசாரம்னா கம்ப்ளெயிண்ட் புத்தகத்துல எழுதிட்டுப் போம்மா. நான் இங்க உசிர்ப் பிரச்சினைல இருக்கேன்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஏன் துடைக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாவது ஃபேன் வந்தது. ஃபேன் என்று சொல்லக் கூடாது, ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம் அது. அதை ஓடவிட்டால் கூடத்தில் இருக்கிற காகிதம், பஞ்சு, மேஸ்திரியின் தலைத்துண்டு எல்லாம் அந்தப் பக்கம் பறந்தன. ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து நல்ல காற்று உள்ளே வர வழி செய்தார். மரத்தூள்கூட மிச்சமில்லை. உள்ளே நின்றால் கடற்கரையில் நிற்கிற மாதிரி இருந்தது. சாருக்கே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்து, சிரித்துக்கூட விட்டார்.

கடைசி அளவு நாள். இது தனக்கும் கடைசி என்று சாருக்குத் தெரியும். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் காலரிலும் குழாயைக் குத்தும்போது ஆளையும் நிமிர்ந்து பார்த்தார். ஒருவருக்கு முடி நரைத்திருந்தது, ஒருவருக்கு முடியே இல்லை, ஒருவருக்குப் பல் செட்டு. இந்தக் காலர்களை எல்லாம் அவர் இளமையில் தொட்டிருக்கிறார்.

“நல்ல மூக்காப் பாத்து வைங்க சார்,” என்றார் அதே ஆள்.

“இதுதான்பா என்கிட்ட இருக்கிற கடைசி மூக்கு,” என்றார் சார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து லேப்காரர் போனில் ரொம்ப நேரம் தொண்டையைக் கனைத்தார்.

“நூத்திப் பன்னெண்டு சார்.”

மேனேஜர் நல்ல மனிதர். தானே கடிதத்தை அடித்து, தானே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ‘மேற்படி கூடம் மனிதர் பணிபுரியத் தகுதியற்றது எனச் சான்றளிக்கிறேன்’ என்று இருந்தது. கீழே சாரின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும் சார். மன்னிச்சுக்குங்க,” என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

செய்தி அதற்குள் கூடத்துக்கு எட்டிவிட்டது. பதினோரு பேரும் சாரின் அறைக்குள் நெருக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அந்த அறையில் நாலு பேருக்கு மேல் நின்றதில்லை.

“எங்களால உங்களுக்குக் கெட்ட பேர் வந்துடுச்சே சார்,” என்றார் மேஸ்திரி.

“என்னாலதான்பா உங்களுக்கு. ஒரு ஃபேன் கேட்டேன். அதுல ஆரம்பிச்சது.”

“பெட்டியில ஏதாவது கோளாறா இருக்குமா சார்? நாங்க கண்ணு மாதிரித்தான் பாத்துக்கிட்டோம். ஒரு கீறல் இருந்தாச் சொல்லுங்க.”

“பெட்டி மேல குத்தம் சொல்ல மாட்டேன் மேஸ்திரி. நீங்க வெச்சிருந்த மாதிரி ஊர் உலகத்துல ஒருத்தரும் வெச்சிருந்ததில்ல.”

ஸ்ப்ரேக்காரர், “எனக்கு எந்தக் கிளையாம் சார்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். உப்புத்தாள் அம்மா ஒரு துணிப்பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். அவருடைய அறை நாற்காலியின் கைப்பிடி உடைந்து கிடந்தது அவளுக்குத் தெரியும். புதுக் கைப்பிடி, வழுவழுவென்று தேய்த்து, பாலிஷ் போட்டு, காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

“மூணு மாசமா நல்ல மூச்சு விடறோம் சார். அதுக்குத்தான்,” என்றாள். “நம்பர் என்ன வேணா சொல்லட்டும்.”

சார் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். இவர்கள் தன் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்கிறார்கள் என்றே அவர் கடைசிவரை நினைத்தார். ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே போனார்கள்.

அறை காலியானதும் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் படுத்திருந்த கோடு, கடைசி மூன்று மாதத்தில் எழுந்து நின்று தாளைவிட்டு வெளியே போயிருந்தது. பேனாவைத் திறந்தார். குழாய் பொய் சொல்லாது. கையெழுத்துப் போடாமல் இருந்தால் அந்தப் பதினோரு பேரும் சேர்ந்தே இருப்பார்கள், ஆனால் சேர்ந்தே நோயில் விழுவார்கள். போட்டால் பிரிந்துபோய் நன்றாக இருப்பார்கள். பேனா முனையைக் காகிதத்தில் வைத்தார்.

“சார்.”

நிமிர்ந்து பார்த்தார். சைக்கிள் ஸ்டாண்டு அக்கா. கண் இரண்டும் மிளகாய் மாதிரிச் சிவந்திருந்தது. ஈரத்துணியை மூக்கில் பிடித்திருந்தாள்.

“புத்தகத்துல எழுதச் சொன்னீங்க, மூணு தடவை எழுதிட்டேன் சார். இன்னிக்கு நீங்க கேட்டே ஆகணும்.”

“சொல்லும்மா,” என்றார் சார் சோர்வாக.

“அந்த மூணு ஃபேனையும் வேற பக்கம் திருப்புங்க சார். மூணும் என் ஸ்டாண்டுக்குள்ளதான் வாயை வெச்சு ஊதுது. மூணு பக்கமும் செவுரு, மேல தகரம், காத்து வெளிய போக வழியே இல்ல. உள்ள இருக்கிறவங்க ஜம்முனு இருக்காங்க, நான்தான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மூச்சு முட்டிச் சாகறேன்.”

சார் பதறி எழுந்தார். ‘வெளிய வெளியதான்’ என்று சொன்ன தன் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வெளியே ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

“தப்பு என்னுதும்மா. இன்னிக்கே திருப்பச் சொல்றேன். நீ முதல்ல அங்கிருந்து எழுந்து முன்வாசலுக்கு வந்து உக்காரு. நாளைக்குக் காலைல ஒரு பெட்டியை எடுத்துட்டு வந்து உன் ஸ்டாண்டுக் காத்தையும் நானே அளந்துடறேன்.”

அக்கா ஈரத்துணியை எடுத்துவிட்டு அவரைப் புரியாமல் பார்த்தாள்.

“புதுசா என்ன சார் அளக்கப்போறீங்க? வார்னிஷ் தெறிச்சுப் பெட்டி வீணாப்போனா சார் மனசு தாங்காதுன்னு சொல்லி, இருபத்திரண்டு வருஷமா நீங்க மாட்டிவிடற பதினோரு பெட்டியையும் எட்டு மணி அஞ்சுக்கெல்லாம் கழட்டி, என்கிட்ட டோக்கன் வாங்கிக்கிட்டு, என் ஸ்டாண்டு ஆணியிலதானே தொங்க விட்டுட்டுப் போறாங்க?”